சர்க்காரி மீனும் நான் சேர்த்த கடைசி வரியும்

மூன்று வருஷத்துக்கென்று வந்த ஒரு திட்டத்தை ஒரே ஒரு வரியால் கவிழ்க்கப் பார்த்தவள் நான். இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. முன்கோபம் வேறு. தப்பு என் பக்கம் இருக்கலாம் என்று கனவில்கூட நினைக்க மாட்டேன்.

அறுபதுகளின் நடுவில், கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் எங்கள் தீவுக்கு ஓர் ஆராய்ச்சியாளரை அனுப்பியது. செலவு அரசாங்கத்துடையது. சிப்பிகாட் பக்கம் நெல்வயலில் உப்புத்தண்ணீர் ஏறாமலிருக்க உப்பங்கழிகளின் குறுக்கே அணை கட்டலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. கட்டினால் மீனுக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. கழியில் குஞ்சாக வளரும் கொடுவா மீன் பெரிதானதும் கடலுக்குப் போகிறதா, போனால் திரும்பி வருகிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் அந்தப் பணம். அதில் ஒரு சிறு பங்கை மீனவர்களிடம் போய் விளக்கிச் சொல்வதற்காக ஒதுக்கியிருந்தார்கள். அந்தச் சிறு பங்குதான் நான். தற்காலிக உதவியாளர், டைப்பிஸ்ட், டீ போடுகிறவள் எல்லாம் ஒருத்திதான்.

தீவிலேயே டாலிகஞ்ச் என்ற பகுதியில் தகரக் கூரை போட்ட ஒரு வாடகை வீடு எங்கள் ஆபீஸ். எங்கள் வீடு இருந்த டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து தினமும் நடந்தே போவேன். வேலை இருக்கிறவரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வேலை போனால் அடுத்த கப்பலில் திருநெல்வேலிக்கு, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காபித் தட்டோடு நிற்க வேண்டியதுதான். அதனால் எனக்கு அந்த வேலை உயிராக இருந்தது.

சார் மலையாளி. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. கடலை ஆராய வந்தவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகு துறையை விட்டு நகர்ந்ததுமே முகம் வெளிறிவிடும். அலையில்லாத கழியாகப் பார்த்து எடுத்துக்கொண்டது அதனால்தானே என்று நேராகவே கேட்டிருக்கிறேன். "அதும் ஒரு காரணம்தான்" என்பார். உயிருள்ள கொடுவாவைப் பிடித்து அளந்து, முதுகில் நம்பர் போட்ட சிவப்பு வில்லை ஒன்றை மெல்லிய கம்பியால் மாட்டித் திரும்ப விடுவது அவர் வேலை. கம்பி குத்தும்போது மீனிடம் மலையாளத்தில் மெதுவாக ஏதோ சொல்லுவார். மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

அப்படி வில்லை மாட்டிய மீன் யார் வலையில் விழுந்தாலும் அதை ஆபீஸுக்குக் கொண்டுவர வேண்டும். மீனின் விலையும் மேற்கொண்டு ஒரு பரிசும் கிடைக்கும். இதைத் தமிழிலும் ஹிந்தியிலும் நோட்டீஸாக எழுதச் சொன்னார்.

எழுதினேன். படித்துப் பார்த்தால் அது நோட்டீஸ் மாதிரியே இல்லை, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அன்புடன் கேட்டுக்கொண்டால் எவன் மதிப்பான்? அப்பா பொதுப்பணித் துறையில் ஹெட் கிளார்க். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததே அவர் கொண்டுவரும் அரசாங்கக் காகிதங்களில்தான். அவை எப்படி முடியும் என்று எனக்கு மனப்பாடம். ஆகவே மேலே 'அரசு ஆராய்ச்சிக்குரிய மீன்கள்' என்று தலைப்பிட்டு, கீழே 'இம்மீன்களுக்குத் தீங்கு விளைவிப்போர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்' என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். அப்பா பார்த்துவிட்டு, "இப்பதான் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். முத்திரை குத்தி, படகுத் துறை, ரேஷன் கடை, மீனவர் குடியிருப்பில் இருந்த சின்ன மாதா கோயில் என்று எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டு வந்தேன். கடைசி வரியைப் பற்றி சாரிடம் சொல்லவே இல்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வருஷம் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. ஒரு வில்லைகூட வரவில்லை. கம்பி குத்திய புண்ணில் மீன்கள் செத்துப்போகின்றன என்று சார் தீர்மானத்துக்கே வந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார். அந்த நேரம் பார்த்து மெயின்லேண்டிலிருந்து கடிதம் வந்தது. மூன்று பேர் கொண்ட கமிட்டி அடுத்த கப்பலில் வருகிறது, காட்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் மூன்றாம் வருஷத்துப் பணம் நிறுத்தப்படும். 

மறுநாள் காலையில் டாலிகஞ்ச் கடைகளுக்குப் பக்கத்தில் மீன் வாங்க நின்றேன். மீன் விற்கும் அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். குடும்பமே வலைத் தொழில். அவர் மீன் அரிந்துகொண்டிருந்தபோது, எங்கள் சாருக்கு வந்த சோதனையைச் சொல்லிப் புலம்பினேன். ஒரு மீன்கூடத் திரும்பக் கிடைக்கவில்லையே என்றேன்.

"யாரு சொன்னா கெடைக்கலன்னு?" என்றார் அக்கா. "போன வாரங்கூட எங்க வீட்டுக்காரரு வலையில ஒண்ணு ஏறிச்சே. முதுவுல செவப்பு வில்ல."

"எங்கக்கா அது?"

"எங்கேன்னா? அப்பவே தண்ணியில விட்டாச்சு. சர்க்காரி மச்சி, சர்க்கார் மீனு, அத நாங்க தொடுவமா பிள்ள? எங்க ஆளுவ யாருமே தொடல. வந்தது எல்லாத்தையும் பத்திரமா விட்டுட்டோம்." சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார்.

நான் பாராட்டவில்லை. நடுத்தெருவில் கத்தினேன். புத்தியிருக்கிறதா என்று கேட்டேன். என் அம்மா வயதுக்காரரை அப்படிக் கேட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

"நீதான பிள்ள எழுதி ஒட்டின? நடவடிக்கைன்னு போட்டிருந்துச்சே. பூசை முடிஞ்சதும் கோயில் உபதேசியாரு சத்தமா வாசிச்சாரு. செத்த மீனத் தூக்கிட்டு வந்தா, நீதான் கொன்னேன்னு ஜுர்மானா போட மாட்டாவளா? அபராதம் கட்ட நாங்க எங்க போவோம்?"

பரிசு என்ற வரி நோட்டீஸின் நடுவில் எங்கேயோ இருந்தது. எல்லார் கண்ணிலும் பட்டது கடைசி வரிதான். அது உறைத்தும் என் வாய் அடங்கவில்லை. "மெயின்லேண்ட்லேருந்து மூணு பெரிய சாப் வர்றாங்க. அவங்ககிட்ட நீங்களே வந்து பதில் சொல்லுங்க" என்று கத்திவிட்டு, மீனை வாங்காமலே வந்துவிட்டேன்.

மத்தியானம் வரை டைப்ரைட்டரைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டீஸை முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "அப்போ மீன் சாகலை" என்றார். முகம் மலர்ந்திருந்தது. அதற்கப்புறம்தான் தலையில் கை வைத்தார்.

"மிஸ், இது கமிட்டிக்குத் தெரிஞ்சா உங்க வேலை போகும். கம்பி மோசம்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். வேண்டாம் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கமிட்டி வந்தது. மூன்று பேரும் கப்பல் களைப்பு தீராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வடக்கத்திக்காரர், வயதானவர். சார் எழுந்து கம்பியைப் பற்றி ஆரம்பித்தபோது வாசலில் ஆள் சத்தம் கேட்டது. மீனவர் குடியிருப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆண்கள் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். முன்னால் மீன்கார அக்கா, கையில் ஒரு பிஸ்கட் டப்பா. நான் கோபத்தில் சொல்லிவிட்டு வந்ததை அவர்கள் விசாரணை என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார். "சாப், நாங்க ஓடி ஒளியிற ஆளுவ இல்ல. எல்லா மீனுக்கும் பஞ்ச்நாமா இருக்கு" என்று டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

மெயின்லேண்டிலிருந்து தீவில் குடியேறிய மீனவர்களுக்குப் படகு, வலைநூல், கூரைத் தகரம் எல்லாமே அரசாங்கம் கொடுத்தது. படகில் நம்பர் எழுதியிருக்கும். புயலில் அது உடைந்தால், எங்கே, எப்போது, எப்படி உடைந்தது, எங்கள் குற்றம் இல்லை என்று எழுதி ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் பஞ்ச்நாமா. நம்பர் போட்ட படகுக்கு எழுதியதை நம்பர் போட்ட மீனுக்கும் எழுதியிருந்தார்கள்.

தலைவர் என்னைப் படித்து மொழிபெயர்க்கச் சொன்னார். உபதேசியாரின் உருண்டைக் கையெழுத்து. வில்லையின் நம்பர், தேதி, வலை போட்ட இடம், நீளம் மூன்று சாண் நான்கு விரல், உயிரோடும் நல்ல சுகத்தோடும் தண்ணீரில் விடப்பட்டது. கீழே ஐந்து பேரின் கையெழுத்தும் ரேகையும். ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்தேன். அதில் அதே நம்பர். முதலில் கழிக்குள் கிடைத்த மீன், மழைக்குப் பிறகு வெளியே கடலில் கிடைத்திருந்தது. மூன்றாவது காகிதத்தை சார் என் கையிலிருந்து பிடுங்கினார். படிக்கத் தெரியாதவர் நம்பரை மட்டும் பார்த்தார். அதே மீன்தான். இடத்தை நான் எட்டிப் பார்த்துப் படித்தேன், மறுபடி கழிக்குள். கடலுக்குப் போன மீன் திரும்பி வந்திருந்தது. எங்கள் நோட்டீஸ்படி கொண்டுவந்து கொடுத்திருந்தால் அந்த மீன் முதல் தடவையே எங்கள் மேஜையில் முடிந்திருக்கும்.

"ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரே வரி இருக்கிறதே. அதை நீ சொல்லவே இல்லை" என்றார் தலைவர். வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். இப்போது படிக்க வேண்டியதாயிற்று. 'இம்மீனுக்கு எங்களால் யாதொரு தீங்கும் நேரவில்லை. எங்கள் பேரில் நடவடிக்கை வேண்டாமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

"மீனுக்காக இவர்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள்?" என்று கேட்டார் அவர்.

சார் எழுந்தார். "நோட்டீஸ் என் பொறுப்பு, சார். அதில்..."

"அந்த வரி சார் சொன்னது இல்லை. நான் சேர்த்தது" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அழுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அத்தனை வெள்ளைச் சட்டைகளுக்கு முன்னால் அடக்க முடியவில்லை.

தலைவர் காகிதங்களை அடுக்கி டப்பாவில் வைத்தார். மூன்றாம் வருஷம் நடக்கும் என்றார். முதல் வேலையாகப் புது நோட்டீஸ் எழுது, வீடு வீடாகப் போய் நீயே படித்துக் காட்டு என்று என்னிடம் சொன்னார்.

போனேன். அக்காவுக்குத்தான் முதலில் படித்தேன். கேட்டு முடித்ததும் காகிதத்தின் அடியைக் காட்டி, "கீழ அந்த வரி இல்லையே பிள்ள?" என்றார்.

"இனிமே இருக்காதுக்கா."

"அப்ப இது சர்க்கார் காயிதம் இல்லையா?"

"சர்க்கார் காகிதம்தான்க்கா" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

சில வாரம் கழித்து அவரே ஆபீஸுக்கு வந்தார். கூடையில் இலைக்கடியில் ஒரு கொடுவா, முதுகில் சிவப்பு வில்லை. எங்கள் கைக்கு வந்த முதல் மீன். சார் அளவுகோலைத் தேடி ஓடினார். நான் பரிசுப் பணத்தை நீட்டினேன். அக்கா அதை வாங்கவில்லை. இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து முதலில் அதைக் கொடுத்தார்.

"இருக்கட்டும் பிள்ள. வாங்கி வையி."

அதே உருண்டைக் கையெழுத்து, கீழே ஐந்து பேர். 'மீன் இறந்தது மெய்தான். கொண்டுவரச் சொன்னதால் கொண்டுவந்தோம். எங்கள் பேரில் நடவடிக்கை வேண்டாம்.' நான் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா நகரவில்லை. முத்திரையும் குத்திக் காட்டிய பிறகுதான் பணத்தை வாங்கிக்கொண்டார்.