பால் திரிந்த வீட்டில் ஒரு விசாரணை

போன வாரம் ஒரு பானைப் பால் என் உயிரை எடுத்துவிட்டது.

சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். பஸ் ஏறினால் கையில் ஒரு துப்பறியும் நாவல் இருந்தாக வேண்டும். அதிலும் ரத்தம் தெறிக்கிற ரகம் எனக்கு ஒத்துவராது. கிராமத்தில் ஒரு விருந்து நடக்கும். யாராவது பாயசம் குடித்துவிட்டுச் சாய்வார்கள். போலீஸ் தலையைச் சொறியும். ஒரு வயசான அம்மா சமையல்கட்டில் பாத்திரங்களை முகர்ந்து பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்... அந்த ரகம்தான் பிடிக்கும். காபியோடு நிம்மதியாகப் படிக்கலாம்.

அப்படி ஒரு கதைக்குள் நாமே போய் உட்கார்ந்தால்? காபி தொண்டையில் இறங்காது. அனுபவித்தவள் சொல்கிறேன்.

என் மகள் வித்யாவை உத்தரகோசமங்கை பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். மிளகாய் போடுகிற விவசாயக் குடும்பம். நல்ல மனிதர்கள். புதுசாகக் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள் என்று நானும் என் கணவரும் முந்தின நாளே மதுரையிலிருந்து போய்ச் சேர்ந்தோம்.

போகும்போதே எனக்கு ஒரு கவலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வித்யா அந்த வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் அவளுடைய மாமனார் வரப்பில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அப்புறம் களத்தில் காயப்போட்ட மிளகாய் மேல் காலம் தப்பி மழை கொட்டியது. இதற்கும் என் மகளுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. யாரும் அவளை எதுவும் சொல்லவும் இல்லை. ஆனால் உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர், "இவ வந்த நேரம்..." என்று ஆரம்பித்து, வித்யாவைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். நிறுத்திய அந்த மீதிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது மூன்றாவதாக எதுவும் நடந்துவிடக் கூடாதே!

நாங்கள் போய் இறங்கியபோது கொல்லையில் பெரியத்தை பானை விளக்கிக்கொண்டிருந்தார். பெரியத்தை என்றால் என் சம்பந்தியின் மூத்த சகோதரி. எழுபதைத் தாண்டியவர். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் சமையல்கட்டு அவர் கையில்தான். சாம்பாரை முகர்ந்தே உப்புக் குறைச்சலைச் சொல்லிவிடுவார். அண்டாவிலிருந்து காணாமல் போன வடை எந்த வீட்டுத் தூக்குவாளியில் ஏறியது என்பதைக் கண்டுபிடித்தவர் என்றும் கேள்வி. அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். எனக்கு இரண்டு மடங்கு.

அவர் விளக்கிக்கொண்டிருந்தது அந்தக் குடும்பத்து வெண்கலப் பானை. யார் வீடு கட்டினாலும் அதில்தான் பால் காய்ச்ச வேண்டும். புளி போட்டுத் தேய்த்ததில் தங்கமாக மின்னியது. அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்க, கழுவ எல்லாம் அதுதான். சமைக்கவும் குடிக்கவும் மட்டும் லாரியில் வரும் நல்ல தண்ணீர். பானையை உப்புத் தண்ணீரில் அலசிவிட்டு, கடைசியாக ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணீர் விட்டார். பக்கத்தில் நின்ற வித்யா இன்னொரு செம்பு ஊற்றவா என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார் பெரியத்தை. என்ன சிக்கனம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை. புது வீட்டுக் கூடத்தில் கல் அடுப்புக் கூட்டி, கிழக்கே பார்த்துப் பானையை ஏற்றினார்கள். மருமகள்தான் பால் ஊற்ற வேண்டும் என்றார் சம்பந்தியம்மா. வித்யா ஊற்றினாள். குலவை போடப் பெண்கள் தயாராக நின்றார்கள். பால் சூடேறி, நுரை கட்டி, பானையின் கழுத்து வரைக்கும் ஏறி வந்தது. அங்கே வந்ததும் அப்படியே திரிந்து, கட்டி கட்டியாக அமுங்கிப்போனது.

சம்பந்தியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் வித்யாவைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

"அடுப்பை அமத்துங்க. பானைய யாரும் கழுவப்படாது" என்றார் பெரியத்தை.

வந்தவர்களைச் சாப்பிட உட்காரச் சொல்லிவிட்டு, பானையை எடுத்துக்கொண்டு என்னையும் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய் விசாரணையை ஆரம்பித்தார். முதலில் பால்காரர். அவருடைய கேனில் மீதி இருந்த பாலில் கொஞ்சம் காய்ச்சி இரண்டு பேருக்கும் காபி போடச் சொன்னார். இந்த நேரத்தில் காபியா? என் டம்ளர் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. பெரியத்தை நிதானமாகக் குடித்து முடித்து, பாலில் பழுதில்லை என்றார். அடுத்து, பானை அடியில் முதலில் விட்டிருந்த தண்ணீர். அதை மொண்ட குடத்திலிருந்து கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தார். நல்ல தண்ணீர்தான். பால் கொண்டுவந்த தூக்கு, ஊற்றிய செம்பு எல்லாவற்றையும் முகர்ந்தார். எல்லாம் சுத்தம்.

நாவலில் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சந்தேகப்பட்டவர்கள் ஒவ்வொருவராக விடுதலை ஆவார்கள். இங்கே ஒவ்வொரு விடுதலைக்கும் எனக்குப் பயம் கூடியது. பாலில் குற்றமில்லை, தண்ணீரில் குற்றமில்லை, பாத்திரத்தில் குற்றமில்லை என்றால் மிச்சம் இருப்பது என்ன? ஊற்றிய கைதானே? கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் அதைத்தான் யோசித்திருப்பார்கள். போதும் மதினி, விட்டுவிடுங்கள் என்று அவர் காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன். பால் ஏதோ புழுக்கத்தில் கெட்டுப்போனது என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே!

அவர் விடவில்லை. வித்யாவைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, பாலு கொதி வரும்போதே திரிஞ்சுச்சா, பொங்கி வந்த பெறகா?"

"பொங்கிக் கழுத்தத் தொட்ட பெறகுதான் பெரியத்தை" என்றாள் வித்யா. குரல் உடைந்திருந்தது. கல்யாணமானதிலிருந்து அந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்பதை அந்த நேரத்திலும் கவனித்தேன்.

அவளைப் போகச் சொல்லிவிட்டுப் பெரியத்தை பானையை வெளிச்சத்துக்கு இழுத்துவைத்தார். கெட்டுப்போன பால் என்றால் சூடேறும்போதே திரிந்திருக்கும். இது மேலே ஏறிவந்து எதையோ தொட்டுத் திரிந்திருக்கிறது. திரிந்த பாலை வேறு பாத்திரத்தில் சாய்த்துவிட்டு, பானையின் கழுத்துக்கு உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத வளைவில் விரலை விட்டுத் தடவினார்.

விரலோடு வந்தது ஒரு கட்டிப் புளி. நாரும் கோதுமாக, நன்றாக ஒட்டிப் பிடித்திருந்தது.

சமையல்கட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் அந்தப் புளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பானையை விளக்கியது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னொரு செம்பு ஊற்றவா என்று கேட்டது யார் என்பதும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை நாவல் படித்து என்ன பிரயோஜனம்?

அந்தப் புளியை அவர் ஜன்னல் வழியாகச் சுண்டி எறிந்திருக்கலாம். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் எழுபது வயசுப் பெரிய மனுஷி மேல் குற்றம் சொல்ல எந்தத் தாய்க்குத் தைரியம் வரும்? அவர் கை முந்தானையைத் தேடியது. புளியை அதில் துடைத்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, பானையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பானைய வெளக்குனது நாந்தேன். உள்ள புளிய விட்டதும் நாந்தேன். இந்தப் பிள்ள இன்னொரு செம்பு ஊத்தவான்னு கேட்டுச்சு. நல்ல தண்ணி வீணாப்போகுமேன்னு நாந்தேன் வேண்டாம்னேன். இனிமே இவ ராசியப் பத்தி எவளாச்சும் பேசணும்னா, முதல்ல எங்கிட்ட வந்து பேசட்டும்."

இலையில் இருந்தவர்கள் இட்லியைப் பிட்ட கையோடு அப்படியே இருந்தார்கள். சம்பந்தியம்மா எழுந்து வந்து வித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாய்ப்பு இதுதான் என்று நானும் அழுதுவிட்டேன்.

பெரியத்தை அதோடும் நிற்கவில்லை. வாசலில் பானையைக் கவிழ்த்துப் பிடித்து, நிமிர்த்திப் பிடித்து, ஒரு முழுக் குடம் நல்ல தண்ணீரை அதில் ஊற்றி அலசித் தரையில் விட்டார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், ஒரு செம்புக்கு மனசு வராதவர், முழுக் குடத்தையும் மண்ணில் ஊற்றினார்! சுற்றி நின்றவர்கள் பால் திரிந்தபோதுகூட அவ்வளவு அதிர்ந்துபோகவில்லை.

பிறகு அதே கேனில் மீதி இருந்த பால், அதே அடுப்பு, அதே கை. மறுபடி ஊற்றச் சொன்னார். பால் ஏறும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். குலவைச் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நாவலைத் திறந்தேன். படிக்க முடியவில்லை. என் நாவல்களில் வருகிற வயசான அம்மாக்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். அடுத்தவர் குற்றத்தைப் பிட்டுப் பிட்டு வைப்பார்கள். ஆனால் தேடிக்கொண்டே போய்க் கடைசியில் தன் விரலிலேயே தடயம் ஒட்டியிருந்தால், அதைச் சபைக்குக் கொண்டுவருகிறவர் எத்தனை பேர்? கண்டுபிடிக்க மூளை போதும். அதை வெளியே சொல்வதற்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வித்யாவுக்கு போன் போட்டேன். உனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்ததா, இருந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இருந்துச்சும்மா. நான் சொல்லியிருந்தா, தப்பிக்கிறதுக்காகப் பெரியவங்க மேல பழி போடுறான்னு சொல்லியிருப்பாங்க. அதான் அவங்களாக் கண்டுபிடிக்கணுமேன்னு சாமிய வேண்டிக்கிட்டு நின்னேன்."

அவளே தொடர்ந்தாள். பெரியத்தை இப்போது அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறாராம். அடுத்த மாதம் இரண்டு பேரும் சேர்ந்து மதுரைக்கு வந்து, எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கப் போகிறார்களாம்.

அன்றிலிருந்து என் சமையல்கட்டில் உள்ள ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்துக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.