மாதையன் செய்யாத பிழை

செவ்வாய்க்கிழமை காலை சேலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மாதையனின் மகள் செல்வியின் போன் வந்தது. "அப்பா போயிட்டாருங்க. உங்க நம்பர் அவரு டைரில இருந்துச்சுங்க." அப்படியே குப்பனூர் வழியாக மலையேறினேன்.

மலைமேலுள்ள வாழவந்தியில் காப்பி எஸ்டேட் தொழிலாளர்களின் மகனாகப் பிறந்து, வெளிநாடுகளில் துறைமுகம் கட்டப் போனவர் மாதையன். ஆப்பிரிக்கக் கரையில் ஆறு ஆண்டுகள் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அங்கே குடிநீர்க் குழாய் முதலில் தொழிலாளர் குடியிருப்புக்குத்தான் போனது. ஆபீசில் நாங்கள் முணுமுணுத்தபோது, "அவங்க வெயில்ல நிக்கறாங்க. நாம நெழல்ல காத்திருக்கலாமுங்க" என்றார்.

கப்பல் நிற்குமிடத்தின் ஆழத்தை அளந்தவன் நான். கடல் ஏறியிருந்த நேரத்தில் அளந்தால், ஏறிய உயரத்தைக் கழித்து எழுத வேண்டும். "கழிச்சாச்சுங்களா?" என்று மாதையன் கேட்டார். "ஆச்சுங்க" என்றேன். அளவு நோட்டில் ஒரு பக்கத்துக்கு நான் கழித்திருக்கவில்லை. என்னை நம்பி அவர் வரைபடத்தில் கையெழுத்திட்டார். முதலில் வந்த கப்பலே தரைதட்டியது.

விசாரணையில் என் அளவு நோட்டைக் கேட்டார்கள். கிடைக்கவில்லை என்றேன். அது என் பெட்டியில் இருந்தது. மாதையன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "கையெழுத்து என்னுது. பொறுப்பும் என்னுது" என்றார். அவரை ஊருக்கு அனுப்பினார்கள். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அதன்பின் மூன்று துறைமுகங்களில் வேலை பார்த்தேன்.

ஓய்வுபெற்றபின், சொல்லிவிடுவது என்ற முடிவோடு ஒருமுறை அவரைப் பார்க்கப் போனேன். ஊற்றுநீரைக் குழாயில் இறக்கி எஸ்டேட் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்திருந்ததை நடந்தே காட்டினார். மாலையில் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தம் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டபோது கேட்டார்: "வேறேதாச்சும் சொல்லணுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"செரி, பாத்துப் போங்க."

அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதும் நான் இறங்கவில்லை.

அடக்கத்தன்று உறவினர் ஒருவர், "வெளிநாட்டுல கணக்குத் தப்பிப்போய்த் திருப்பி அனுப்பிட்டாங்களாமா" என்றார். செல்வி என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.

மாதையனை அறிந்த நண்பர்களே, கழிக்காமல் விட்டவன் நான். நோட்டை மறைத்தவனும் நான்.

இதை அச்சுக்குத் தருமுன் செல்வியிடம் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்பா இருக்கறப்ப சொல்லியிருக்கலாமல்லங்க?" என்றார்.

மாதையன் பெயர்மேல் நான் ஏற்றிய பழியை இங்கே இறக்கிவிட்டேன். அவர் நினைவாக என்னிடம் இருக்கப்போவது செல்வியின் அந்தக் கேள்விதான்.