இன்னொருவன் எண்ணில் சாப்பிட்ட சோறு

ஒரு மாணவனைப் படிக்க வைப்பது எது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் நானும் இருக்கிறேன். ‘வசதியான குடும்பம், ஊக்கம் குறைவு’ என்கிற கட்டத்துக்குள் ஓர் எண்ணாக. அப்போது என்னிடம் இருந்த வசதி இரண்டு சட்டை, ஒரு தகரப் பெட்டி.

அவர் எங்கள் தஞ்சாவூர்க் கல்லூரிக்கு உளவியல் விரிவுரையாளராகச் சென்னையிலிருந்து வந்தவர். கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பை இன்னும் குறைக்கப் போகிறார்கள் என்று மிராசுதார்களுக்குச் சோறு இறங்கவில்லை. கூலித் தகராறில் சிவப்புக் கொடி நட்ட வயல்களில், அறுப்புக்கு ஆள் வருவதற்கு முன்னால் போலீஸ் வந்து நின்றது. இத்தனையும் நடந்துகொண்டிருந்த ஊரில் அவருக்கு இருந்த ஒரே கவலை, மாணவர்களின் ‘அடைவூக்கம்’ எவ்வளவு என்பது. எதையாவது சாதித்தே தீருவது என்று ஒருவனுக்குள் இருக்கும் வேகத்துக்கு அவர்கள் துறையில் வைத்திருக்கிற பெயர் அது.

நெல் என்றால் மரக்காலால் அளந்துவிடலாம். இதை அளக்க அவர் ஒரு படிவம் வைத்திருந்தார். நான்கு பக்கம், சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுத்த காகிதம், மை கையில் ஒட்டும். முதல் பக்கத்தில் குடும்பத்தைப் பற்றிய கேள்விகள்: தந்தைக்கு நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, வீடு ஓடா கூரையா. மற்ற பக்கங்களில் நம்மைப் பற்றிய வாக்கியங்கள்: ‘தோல்வி கண்டு நான் துவளுவதில்லை’, ‘எனக்குப் படிக்க அமைதியான இடம் உண்டு’. ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டங்கள். பெயர் எழுத வேண்டாம், வருகைப் பதிவேட்டில் இருக்கிற வரிசை எண் போதும் என்றார். உண்மை எழுதுவார்களாம், பெயர் இல்லாவிட்டால்.

தஞ்சாவூர் ஜில்லாவில் அந்தச் சமயத்தில் ‘உங்கப்பாவுக்கு நிலம் எவ்வளவு’ என்று காகிதத்தில் கேட்கிற ஆளுக்கு ஒன்று அசட்டுத் துணிச்சல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாமல் இருக்க வேண்டும். இவருக்கு இரண்டும் இருந்தன. படிவம் கைக்கு வந்த ஐந்தாம் நிமிஷம் வகுப்பு முழுக்க ஒரு பேச்சு பரவிவிட்டது. ‘இது நேரா தாசில்தார் ஆபீஸுக்குப் போவுதாம்டா.’ அவ்வளவுதான். வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மணி நேரத்தில் பரம ஏழைகள் ஆனார்கள். நிலம் இல்லை, மாடு இல்லை, கூரை வீடு, அப்பா கூலி.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எங்கள் ஊர் மிராசுதாரின் மகன். எங்கள் ஊர் பூதலூருக்குப் பக்கம். என் அப்பா அவர்கள் பண்ணையாள். ஒரே வயது, ஒரே வகுப்பு. ஆனாலும் அவர் என்னை ‘டா’ போட்டுக் கூப்பிடுவார், நான் அவரை ‘வாங்க, போங்க’ என்பேன். கல்லூரி என்பதற்காக அதெல்லாம் மாறிவிடாது. அவரும் ‘கூலி’ என்று எழுதினார். பிறகு வாக்கியங்கள் இருந்த பக்கங்களைப் படித்துக்கூடப் பார்க்காமல், முதல் கட்டத்தில் மேலிருந்து கீழே வரை டிக் போட்டுக்கொண்டு போனார். திருத்துவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று நல்ல பதில்களை எல்லாம் விரிவுரையாளர் முதல் கட்டத்திலேயே வைத்திருந்தார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நான் எழுதியது வேறு. உச்சவரம்புக்குப் பயந்து மிராசுதார் தன் நிலத்தில் ஐந்து ஏக்கரை என் அப்பா பெயரில் எழுதி வைத்திருந்தார். பினாமி என்பார்கள். அப்பாவுக்கு அந்த நிலத்திலிருந்து ஒரு பிடி வைக்கோல்கூட வந்ததில்லை. யார் வந்து கேட்டாலும் அது நம் நிலம் என்றுதான் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் குடிசையைப் பிரித்துவிடுவார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு. குடிசை நின்றதும் அவர்கள் மனையில்தான். ஆகவே நான் ‘ஐந்து ஏக்கர் நஞ்சை’ என்று எழுதினேன். மற்ற பக்கங்களில்தான் மடத்தனமாக உண்மை எழுதிவிட்டேன். ‘படிக்கும்போது கவனம் சிதறுவதில்லை’ என்ற வாக்கியத்துக்கு எதிரே ஒருபோதும் இல்லை என்று டிக் போட்டேன். அந்த வாரம்தான் எங்கள் தெருவுக்குள் போலீஸ் புகுந்து நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. கவனம் எங்கே இருக்கும்?

விரிவுரையாளர்தான் விடுதிக்கும் துணை வார்டன். விடுதியில் ஏழை மாணவர் சிலருக்கு இலவசச் சாப்பாடு உண்டு. முதல் வருஷம் எனக்கு அது இருந்தது. சர்க்கார் உதவித்தொகை வருஷக் கடைசியில்தான் வந்து சேரும், வயிறு ஜூன் மாதமே ஆரம்பித்துவிடும். அந்தச் சாப்பாடு இல்லாவிட்டால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் நாற்றுப் பறிக்க வேண்டியதுதான். இரண்டாம் வருஷம் இவர் அந்த இலவசச் சாப்பாட்டை விஞ்ஞான முறையில் கொடுக்கப் போவதாகச் சொன்னார். எந்தப் பையன் ஏழையாகவும் இருந்து ஊக்கமும் உள்ளவனாக இருக்கிறானோ அவனுக்கு. அதைப் படிவமே சொல்லிவிடுமாம்.

படிவம் சொன்னது. மிராசுதார் மகனுக்கு இலவசச் சாப்பாடு. எனக்கு இல்லை.

நான் விரிவுரையாளர் அறைக்குப் போனேன். “சார், நாங்க கூலிக்காரங்க சார். அந்த நிலம் எங்களுது இல்லை” என்றேன். யாருடையது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் அதைக் கேட்கவில்லை. படிவத்தை எடுத்து என் முன்னால் போட்டார்.

“இது உன் கையெழுத்துத்தானே?”

“ஆமா சார்.”

“அப்ப நீயே எழுதினதை நீயே இல்லைங்கறே. தன்னைப் பத்தியே தெளிவு இல்லாதவனுக்குப் படிப்பு எப்படிப்பா வரும்?”

அடுத்த அறைதான் அலுவலகம். யார் மகன் யார் என்பது அங்கே இருந்த ரிஜிஸ்டரில் பச்சையாக எழுதியிருந்தது. பத்தடி நடந்து போய்ப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவருடைய ஆராய்ச்சி அன்றைக்கே செத்திருக்கும். அதனால்தான் தோன்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

வெளியே வந்தபோது மிராசுதார் மகன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். தன் மெஸ் அட்டையை என் சட்டைப் பையில் செருகினார்.

“இந்தா, நீ தின்னு. அந்தச் சோறு எனக்கு இறங்காது. எங்க நிலம் உங்கப்பன் பேர்ல இருக்கு, உன் சோறு என் பேர்ல இருக்கட்டும். சரியாப் போச்சுல்ல?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. திட்டவில்லை. மெஸ்ஸில் பரிமாறுகிறவருக்கு முகம் முக்கியமில்லை, அட்டையில் இருக்கிற எண்தான் முக்கியம். அன்று பகலே அவருடைய எண்ணைச் சொல்லிச் சாப்பிட்டேன்.

ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. இலவசச் சாப்பாடு சாப்பிடுகிறவன் ஒவ்வொரு கல்லூரித் தேர்விலும் தேற வேண்டும், தவறினால் அட்டை போய்விடும். மிராசுதார் மகன் தேறுவதாவது! பாடப் புத்தகத்தை அவர் வாங்கியதோடு சரி. ஆக நான் சாப்பிட வேண்டுமானால் அவர் தேற வேண்டும். தினமும் மாலை அவர் அறைக்குப் போய் அவருக்குப் பாடம் நடத்தினேன். நாங்கள் படித்தது பொருளாதாரம். நிலத்துக்குக் குத்தகை என்று ஒன்று ஏன் வருகிறது என்ற பாடத்தை, குத்தகை நெல்லிலேயே வளர்ந்தவருக்கு நான்கு நாள் சொல்லிக்கொடுத்தேன். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, “இன்னொரு தடவ சொல்லுடா” என்பார். இன்னொரு தடவை சொல்வேன். இப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தப் பாடமெல்லாம் தலைகீழாக வந்தது. என் ஊக்கம், இலட்சியம், அகத்தூண்டல், இன்னும் என்னென்ன பெயர் வைக்கிறார்களோ எல்லாம் இதுதான். அவர் தேறினார், நான் சாப்பிட்டேன்.

விரிவுரையாளருக்கோ தலைகால் புரியவில்லை. கூலிக்காரன் மகன் ஒருவன், அவருடைய படிவம் கண்டுபிடித்துக் கொடுத்த ரத்தினம், தேர்வுக்குத் தேர்வு மேலே ஏறுகிறான். நான் முதல் மதிப்பெண் வாங்கியதையும் அவர் கவனித்தார். வகுப்பில் என்னைப் பார்த்து, “சொத்து இருக்கறவனுக்கு மார்க் வரலாம், ஆனா அது நிலைக்காது” என்றார். என் சொத்து மீது அவருக்கு இருந்த நம்பிக்கை என் அப்பாவுக்குக்கூட இருந்ததில்லை.

மூன்றாம் வருஷம் விடுதி நாள் விழா வந்தது. கட்சிப் பிரமுகர் ஒருவர் தலைமை. கூலி வேலை செய்து மகனைப் படிக்க வைத்த தந்தைக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவது என்று விரிவுரையாளர் ஏற்பாடு செய்துவிட்டார். மிராசுதார் மகனைக் கூப்பிட்டு, “உங்கப்பா கட்டாயம் வரணும். இந்த இலவசச் சாப்பாட்டுல ஏதோ தில்லுமுல்லு இருக்குன்னு பிரின்சிபாலுக்கு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. உங்கப்பா வரலைன்னா தாசில்தாருக்கு எழுதி விசாரிக்கச் சொல்லுவாங்க” என்றார்.

தாசில்தார் என்றதும் மிராசுதார் வீட்டில் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. விசாரணை வந்தால் அவர்களுக்கு நிலம் போகும், எனக்குச் சோறு போகும். மிராசுதார் கூலிக்காரனாக மேடை ஏறுவாரா? மறுநாள் மகன் என்னிடம் வந்தார்.

“உங்கப்பன அழைச்சிட்டு வா. ஒரு மணி நேரம் எனக்கு அப்பனா நிக்கட்டும்.”

நான் ஊருக்குப் போனேன். மிராசுதார் ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம், அப்பாவும் வந்திருப்பார். ஆனால் போய்க் கேட்டது நான். இதில் யார் மேலும் பழி போட முடியாது. அப்பா வாய்க்கால் மடையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகு நேரம் காலையே கழுவிக்கொண்டிருந்தார்.

“சின்னய்யாவுக்கு நான் அப்பனா?” என்றார். அப்புறம், “நான் வரலைன்னா உனக்குச் சோறு நின்னு போயிரும். அதானே?”

“ஆமாம்ப்பா.”

“சரி, வர்றேன்.”

விழாவில் நான் கூட்டத்தோடு கீழே உட்கார்ந்திருந்தேன். ஐந்து ஏக்கர்க்காரன் மகன். மேடையில் என் அப்பாவும் மிராசுதார் மகனும் நின்றார்கள், நடுவில் இரண்டு முழம் இடைவெளி. பிரமுகர் பொன்னாடையைப் போர்த்தினார். அப்பா அதைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையையும் கூப்பியபடியே நின்றார். விரிவுரையாளருக்கு அந்த இடைவெளி பிடிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து மிராசுதார் மகனின் தோள்மேல் வைத்தார். அவர் தோளை இழுத்துக்கொண்டார், அப்பாவும் சுட்டதுபோல் கையை எடுத்துவிட்டார். “கிராமத்துக் கூச்சம்” என்று விரிவுரையாளர் மைக்கில் விளக்கம் சொன்னார். பிறகு மைக்கை அப்பாவின் வாயருகே கொண்டுபோனார்.

“பெரியவரே, உங்க மகனை எப்படி இவ்வளவு ஊக்கமா வளர்த்தீங்க? எங்களுக்குச் சொல்லுங்க.”

அப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினார், கண்டுபிடித்தார்.

“நான் ஒண்ணும் பண்ணலீங்க. நாத்துக் கட்டு தூக்கிட்டு வரும்போதே வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே வரும் என் புள்ள. அது கேட்டு எதையும் நான் மாட்டேன்னு சொன்னதில்லீங்க. இங்க வரச் சொல்லிக் கேட்டுச்சு, வந்துட்டேன்.”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. விரிவுரையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவன் தட்டினான் என்று நானும் தட்டினேன். என் அப்பாவுக்கு நான் தட்டிய ஒரே கைதட்டல் அது. அதையும் இன்னொருவனுடைய அப்பா என்றுதான் தட்ட முடிந்தது.

பிறகு விருந்து. தந்தையும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விரிவுரையாளர் தானே இலை போட்டார். அந்த எண்ணுக்குரியவர் அன்றைக்கு நேரில் உட்கார்ந்துவிட்டதால் எனக்கு இலை இல்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிராசுதார் மகன் இலையைத் தொடாமல் எழுந்து போனார். அப்பா தலையைக் குனிந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். பொன்னாடையை மடித்து என் கையில் கொடுத்தார். “சின்னய்யாகிட்ட குடுத்துரு. அது அவுங்களுக்குப் போட்டது” என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறியவர் திரும்பினார்.

“சோறு நல்லாத்தான் போடுறாங்க. விட்டுறாத.”

விடவில்லை. மறுநாள் காலை அட்டை என் கைக்குத் திரும்பி வந்தது. மெஸ் வரிசையில் முதல் ஆளாக நின்று அவருடைய எண்ணைச் சொன்னேன்.