நிழல் சுவரில் என் மகள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் தரப்பரிசோதனை பார்த்தவன் நான். அளந்து பார்க்காத எதையும் நம்பியதில்லை, பேய்க்கதை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடிப் பக்கம் சின்னதாக ஓர் அறிவியல் காட்சிக்கூடம் தயாராகிக்கொண்டிருந்தது. திறப்பதற்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விட்டு, எந்தக் கருவியைத் தொடுகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், என்ன புரிகிறது என்று மதிப்பிட்டு எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

அதில் ஒன்று நிழல் சுவர். இருட்டறையில் சுவரை ஒட்டி நின்று பொத்தானை அழுத்தினால் பளீரென்று விளக்கு வெட்டும், விலகிப் பார்த்தால் சுவர் முழுக்கப் பச்சையாக ஒளிரும், நாம் நின்ற இடம் மட்டும் கறுப்பாக நம் உருவத்தில் இருக்கும், ஒரு நிமிடத்தில் மங்கிவிடும். பிள்ளைகள் வெளியே வரவே மாட்டேன் என்றார்கள், கொம்பு வைத்தார்கள், ஒற்றைக்காலில் நின்றார்கள், எல்லாம் நோட்டில் எழுதினேன்.

நாலு மணிக்கு, ஸ்கூல் விட்டு வந்த என் மகள் நின்றாள். ஒன்பது வயது. விளக்கு வெட்டியது. சுவர் முழுக்கப் பச்சை.

“நைனா, நா எங்க?”

“பாப்பா கவுனு மின்னுது சார், அதான்” என்றார் எலக்ட்ரீஷியன் மணி. கருநீல யூனிபார்ம், அது எங்கே மின்னும்? மூன்று தடவை நிற்கவைத்தேன், மூன்று தடவையும் இல்லை. கடைசியில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

என் நிழல் தெளிவாக விழுந்திருந்தது. ஒரு கை பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் மூடியிருந்தன. பக்கத்தில் யாருமில்லை.

மணி லைட்டைப் போட்டார்.

“கருவிக் கோளாறுன்னு எழுதிடுங்க” என்றார் காட்சிக்கூடத்து அதிகாரி.

“காலையிலேர்ந்து அத்தனை பசங்களுக்கும் விழுந்துதே சார்?”

“அப்ப கோளாறு உங்க பொண்ணுகிட்டதான்னு ஆவுது. பரவால்லையா?”

இருந்தும் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதி, கையெழுத்துப் போட்டேன். பரிகாரம், தாயத்து என்று சொந்தக்காரர்கள் வந்தபோதும் முடியாது என்றேன். ஆனால் அவளுக்குச் சின்ன ஜுரம் வந்தாலும் விடியவிடிய உட்கார்ந்திருப்பேன்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமாகி அயனம்பாக்கத்தில் நன்றாக இருக்கிறாள். வெயிலில் ரோட்டைக் கடக்கும்போது இப்பவும் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். “இன்னா நைனா, நா இன்னா கொழந்தயா?” என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன், நேராகப் பார்த்தே நடப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் குனிந்து தரையைப் பார்த்ததில்லை.