ஸ்டோர் ரூம், பகலில் மட்டும்

"ஒக்டோபர் 14, செவ்வாய். பெரிய அறை: மாமா, மாமி. சின்ன அறை: நாங்கள் இருவர். ஹோல்: இரண்டு மெத்தை, மூவர், முறைவைத்து. சாப்பாட்டு மேசைக்குக் கீழே: மச்சாள். ஸ்டோர் ரூம்: அண்ணை, பகலில் மட்டும்."

நான் எழுதிய குறிப்புத்தான். நீல நிற போல்பொயின்ற் பேனையால் எழுதி, டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியிலிருந்த எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்தோம். தாளின் மேல்மூலையில் காந்தத்தின் துருக்கறை இன்னும் வட்டமாக இருக்கிறது. அந்த இரண்டு அறை வீட்டில் அப்போது ஒன்பது பேர் இருந்தோம்: நானும் மனைவியும், அவளுடைய பெற்றோரும் தங்கையும், வாடகையைப் பகிர்ந்த நால்வரும். யார் எப்போது எங்கே படுப்பது என்பதில் வேலை முடிந்து வருகிறவர்களுக்குள் சச்சரவு வரத் தொடங்கியதால் இந்த அட்டவணையைப் போட்டேன். வீட்டில் பல்ப் மாற்றிய திகதியைக்கூடக் கொப்பியில் குறித்துவைக்கிற எனக்கு இதில் ஒரே ஒரு மனக்குறை: ஆண்டு எழுதவில்லை.

அந்தக் கட்டடத்தை வரைந்தவர் உலகம் அறிந்த கட்டடக்கலைஞர் என்பது அங்கே இருந்த காலத்தில் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. லிஃப்ற் அடிக்கடி நிற்கிற பில்டிங் என்றுதான் தெரியும். ஹோலின் தெற்குச் சுவர் முழுவதும் ஒரே கண்ணாடி. மாரிப் பனிக்காலத்திலும் வெயில் தரைமுழுக்க வந்து விழும். அவருடைய பெயர் சொல்லும் சாதனை அந்தக் கண்ணாடிச் சுவர்தான் என்று பிற்பாடு புத்தகங்களில் படித்தேன். நாங்கள் அதன்மேல் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டிவைத்திருந்தோம். இரவு வேலைக்குப் போகிறவர்கள் பகலில் உறங்கவேண்டுமே. அப்படியும் விளிம்புகளால் வெளிச்சம் ஒழுகும். கதவைச் சாத்தினால் முழு இருட்டாகும் இடம் அந்த வீட்டில் ஸ்டோர் ரூம் ஒன்றுதான். அதனால் அதற்குப் போட்டி இருந்தது.

அது கிடைத்தவர் அண்ணை. பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழரைக்குப் புருவத்தில் மாவோடு வருவார். மாமி வைத்த தேநீரை நின்றபடி குடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். நெடிய மனிதர். நீட்டிப் படுக்க இடமில்லாமல் முழங்காலை மடித்துத்தான் படுத்திருப்பார். மச்சாள் என் மனைவியின் தங்கை, அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கதவில் சாய்ந்திருந்து வாய்ப்பாடு சொல்லுவாள். அவள் பிழைவிட்டால் உள்ளேயிருந்து இருட்டுக்குள் ஒரு குரல் வரும். "பிள்ளை, ஏழெட்டு அம்பத்தாறு. திருப்பிச் சொல்லு." அதுதான் அவர் துயில் எழுந்ததற்கு எங்களுக்கு அடையாளம்.

அண்ணை ஊரில் ஒரு பெயரோடு பிறந்தார், இங்கே வேறொரு பெயரோடு வந்து இறங்கினார். அது எப்படி நேர்ந்தது என்பது இங்கே வேண்டாம். அந்தக் காலத்தில் அப்படி வந்தவர் அவர் ஒருவர் அல்ல. வீட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணைதான், பெயரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு மட்டும் இரண்டு பெயரும் தெரியும், ஏனென்றால் அவருடைய பத்திரங்களை நிரப்பிக் கொடுத்தவன் நான். பிறகு அவர் கலியாணம் செய்து, குடியுரிமை எடுத்து, கிழக்கே போய்விட்டார். ஒஷாவா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரையும் வேலையையும் நான் இங்கே மாற்றித்தான் எழுதுகிறேன்.

மச்சாள் வளர்ந்து ஓவியரானாள். ஓவியர் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அவள் படம் வரைவதில்லை, இடங்களைச் செய்கிறாள். கிழமை நாட்களில் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் வேலை. மிச்ச நேரமெல்லாம் இதுதான். நகரத்தில் ஒரு கலைக்கூடம் அந்தக் கட்டடக்கலைஞரைப் பற்றிய கண்காட்சிக்கு ஆயத்தப்படுத்தியபோது, இன்றைய கலைஞர்கள் சிலரிடம் அவருடைய கட்டடங்களில் ஒன்றை எடுத்துத் தங்கள் கண்ணால் திருப்பிச் செய்து தரும்படி கேட்டது. மச்சாள் எங்கள் வீட்டைத் தெரிந்தெடுத்தாள். மூல வரைபடத்தின் பிரதியை என் மேசையில் விரித்து, "அத்தான், உங்கட வீடு" என்றாள். நான்கு அடிக்கு ஆறு அடியில் ஸ்டோர் ரூம் இருந்தது. உள்ளே என்ன இருக்கவேண்டும் என்பதைக்கூட அந்த மனிதர் மெல்லிய கோட்டில் வரைந்து காட்டியிருந்தார்: இரண்டு சூட்கேஸ், ஒரு சைக்கிள்.

அவளுடைய வேலை இதுதான். வெளிச்சமான பெரிய மண்டபத்தின் தரையில், எங்கள் வீட்டின் வரைபடம் உண்மையான அளவில் வெள்ளை நாடாவால் ஒட்டப்படும். ஒவ்வொருவரும் தலைவைத்துப் படுத்த இடத்தில் ஒரு சிறிய பலகை, அதில் பெயரும் நேரமும். சுவர் என்று எதுவும் இல்லை. ஸ்டோர் ரூம் மட்டும் மரத்தால், கதவோடு கட்டப்படும். பார்க்க வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம். பலகைகளுக்கான எழுத்தையும் கண்காட்சியோடு வெளியாகும் நூலுக்கான பெயர்ப் பட்டியலையும் என்னிடம் கேட்டாள்.

என்னுடைய பிழை இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் ஆட்களில் யாராவது காலமானால் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், திகதிகள். ஒரு விவரம் விடுபட்டாலும் சொந்தக்காரர் மனம் நோவார்கள் என்பதால் எதையும் விடாமல் எழுதிப் பழகியவன் நான். அதே கையால், அதே பழக்கத்தில், ஒன்பது பேரையும் எழுதினேன். அண்ணைக்கு ஊர்ப் பெயரும் இங்கத்தைப் பெயரும் இரண்டும் போட்டேன். முழுமையாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இருக்கவில்லை. மச்சாளும் கேட்கவில்லை. நூல் அச்சுக்குப் போனது.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு பிற்பகல், அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்த மாதத்தைச் சரிபார்க்க அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அச்சான பிறகு சரிபார்ப்பது எதற்கு என்று என் மனைவி கேட்டாள். என் கொப்பிக்கு என்றேன். அண்ணை சந்தோசமாகத்தான் கதைத்தார். மாமியின் தேநீரை விசாரித்தார். நான் பெருமையோடு பட்டியலில் அவருடைய பகுதியை வாசித்துக் காட்டினேன். பின்னால் தொலைக்காட்சியில் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது, நான் வாசித்து முடிக்கும்போது அது நின்றது.

"தம்பி, நான் இன்னும் சாகேல்லை" என்றார். "அதுக்கிடையிலை என்ரை கல்வெட்டை எழுதிப்போட்டாய்."

முழுமையாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன் என்றேன்.

"என்ரை பிள்ளையளுக்கு என்ரை பேர் ஒண்டுதான். வீட்டுப் பத்திரம், பாஸ்போட், மூத்தவளின்ரை கலியாணக் காட், எல்லாத்திலையும் அந்த ஒண்டுதான். உது ஆற்றையும் கண்ணிலை பட்டு, ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டால் காணும், எல்லாம் போச்சு. உதை எடு. ஸ்டோர் ரூமிலை ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு எழுது."

அவர் சத்தம்போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கலைக்கூடத்தில் மச்சாளிடம் சொன்னேன். நாடா ஒட்டிக்கொண்டிருந்தவள் முழங்காலில் இருந்தபடியே நிமிர்ந்தாள். முதலில் நான் ஏன் போன் எடுத்தேன் என்று கேட்டாள். எடுக்காவிட்டால் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும் என்று அவளே பிறகு சொன்னாள். ஆனால் ஸ்டோர் ரூமை வெறுமையாக்க மாட்டேன் என்றாள். "அவரை எடுத்தால் மிச்சம் என்ன, அத்தான்? ரெண்டு சூட்கேசும் ஒரு சைக்கிளும். அந்த ஆள் கீறின பிளான்தான். அதைக் காட்டவோ நான் ரெண்டு வருசம் மினைக்கெட்டனான்?" அவள் சொன்னது சரி. அண்ணை சொன்னதும் சரி.

கண்காட்சியின் பொறுப்பாளர், ஒரு வெள்ளைக்காரப் பெண், நிதானமாகக் கேட்டுவிட்டு, அந்த ஒரு பலகையை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். மச்சாள் கூடாது என்று தலையாட்டினாள். எட்டுப் பெயருக்கு நடுவில் ஒன்று இல்லாவிட்டால், வருகிற எல்லோரும் அந்த ஒன்று யாரென்றுதான் கேட்பார்கள் என்றாள். பிறகு எழுந்து, ஒட்டியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். மாமா, மாமி, என் மனைவி, நான், கடைசியில் அவளுடையது. நேரங்கள் மட்டும் இருக்கும், பெயர் ஒருவருக்கும் இல்லை என்றாள்.

அதோடு அங்கே நின்றபடியே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தாள். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் கதைப்பது. பெயரெல்லாம் எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு, "அண்ணை, கதவை மட்டும் விடட்டோ?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் அண்ணையின் குரல் வந்தது.

"கதவு சாத்துமோ?"

"ஓம். சாத்தினால் ஒண்டும் தெரியாது."

"அப்ப இருக்கட்டும், பிள்ளை."

மிஞ்சியது நூல். அது அச்சாகிக் கட்டப்பட்டுப் பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தது. பட்டியல் இருந்த தாளின் மறுபக்கத்தில்தான் மச்சாளின் வேலையைக் காட்டும் ஒரே படம். வேறு வழியில்லை. வியாழன் பிற்பகல் கலைக்கூடத்தின் பின்னறையில் நானும் மனைவியும் மச்சாளும் பிளேடும் அடிமட்டமுமாக இருந்து, ஒவ்வொரு பிரதியிலும் அந்த ஒரு தாளை வெட்டி எடுத்தோம். தன்னுடைய படத்தைத் தானே வெட்டியெடுக்கிறபோது மச்சாள் பிளேடை மாற்றித்தரும்படி மட்டும் இரண்டு தரம் கேட்டாள். வெட்டிய தாள்களை நான் எண்ணி எண்ணி அடுக்கினேன். பெட்டிச் சீட்டில் எழுதியிருந்த தொகைக்கு ஒன்று குறைந்தது. திருப்பி எண்ணினேன். மனைவி எண்ணினாள். ஒன்று குறைந்தது.

வெள்ளிக்கிழமை நிறையப் பேர் வந்தார்கள். அந்த மரக் கதவுக்கு முன்னால் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே போனவர்கள் வெளியே வந்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார்கள். நான் ஒவ்வொருவரின் கையிலும் இருந்த நூலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெட்டிய விளிம்பு தெரிகிறதா என்று. விளக்கம் கேட்ட ஒருவருக்கு மச்சாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் ஏறவேயில்லை.

இப்போது அந்த பிரிட்ஜ் தாளை எடுத்துப் பார்க்கிறபோது, ஆண்டு எழுதாமல் விட்ட அந்த இளைஞன் கவனக்குறைவானவன் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பெயரும் தெரிந்தவன் அவன். ஆனாலும் கட்டட மேற்பார்வையாளரான சூப்பர் எந்த நேரமும் கதவைத் தட்டலாம் என்ற வீட்டில் இருந்துகொண்டு, "அண்ணை, பகலில் மட்டும்" என்று எழுதியிருக்கிறான். அந்த அளவுதான் எழுதவேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த ஆண்டு என்று பிறகு கணக்குப்பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். தாளில் எழுதவில்லை.

குறைந்த அந்தப் பிரதியைப் பற்றி அச்சகத்துக்கு எழுதிக் கேட்டேன். பெட்டிச் சீட்டில் பிழை இருக்கலாம் என்றார்கள். கலைக்கூடத்தில், முன்கூட்டியே யாருக்காவது அனுப்பியிருக்கலாம், பதிவு இல்லை என்றார்கள். அண்ணைக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. அப்படி ஒரு பிரதி இருக்கிறதா, இருந்தால் எவருடைய கையில் என்பது, இதை எழுதுகிற இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.