சேசையா நேர்ந்துகொண்ட சீலா மீன்

போன ஏப்ரலில் நான் அந்தமான் போனதற்குக் காரணம் நாக்குதான். போர்ட் பிளேர் டெலானிபூரில், அரசு குவார்ட்டர்ஸில் இருக்கும் மச்சினன், "சீலா மீன் குழம்பு வச்சுத் தாரேன், வாங்க அத்தான்" என்றான். நம்பி டிக்கெட் போட்டேன். போனால் இரண்டு நாளும் கோழிக் குழம்பு! கேட்டால், "சீலா மார்க்கெட்டுல கண்ணுலயே படல அத்தான்" என்கிறான். எனக்கு வந்ததே கோபம். நானே பிடித்துக்கொள்கிறேன் என்று, அவனுக்குத் தெரிந்த சேசையாவின் படகில் இடம் கேட்டு வாங்கினேன்.

காலை நாலரைக்கு ஆட்டோ. படகுத்துறைக்கு மூன்று கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். வங்காளி டிரைவர், "மச்லி? சப் பாக் கயா, பாய்" என்று சிரித்தார். மீனெல்லாம் ஓடிவிட்டதாம். இங்கே ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடுகிறது, தொப்பி அவசியம்.

சேசையா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். புது வலை இறக்கினால், முதல் மீனைத் துறையோரக் குருசடியில், அதாவது சின்னச் சிலுவைக் கோயிலில், அந்தோணியாருக்கு வைத்த பிறகுதான் விற்பனை. எந்த மீனும் வைக்கலாம். மனுஷர் சும்மா இருக்காமல், "சீலாதான் வைப்பேன்" என்று ஊரறிய நேர்ந்துவிட்டார். மூன்று வாரமாகச் சீலா வரவில்லை. வலையில் விழுகிற சின்ன அயிலை மீனை விற்கவும் முடியாமல் அக்கம்பக்கத்தாருக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றும் விற்காவிட்டால் மறுநாள் டீசல் கிடையாது, படகு கரையில்தான்.

கடலில் வலையை இறக்கிவிட்டுச் சேசையா சொன்னார்: "முன்னல்லாம் டீ ஆறதுக்குள்ள, அயிலையத் துரத்திக்கிட்டுச் சீலா வந்து விழும் சார். இப்ப மேத்தண்ணி பூரா கரம் ஆயிட்டு. பவளப்பாரு வெளுத்துக் கெடக்கு. சீலா ஆழத்துக்குப் போயிட்டு. அம்புட்டு தூரம் போவ நம்ம படகுல தம் இல்ல."

கையை விட்டுப் பார்த்தேன். குளிக்க விளாவிய வெந்நீர் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெந்நீரிலேயே காலை இட்லி நான்கையும் வாந்தியெடுத்தேன்.

திரும்பும்போது அரைக்கூடை அயிலை. துறையில் அவர் மனைவி மரியபுஷ்பம் காத்திருந்தார்.

"சீலா?"

சேசையா தலையைக் குனிந்தார்.

"இன்னைக்கும் ஓசிக்குக் குடுக்கப் போறீராக்கும்?"

"நேர்ச்சை புள்ள..."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா கூடையைப் பிடுங்கிக்கொண்டு நேரே குருசடிக்குப் போய் ஓர் அயிலையை வைத்தார்.

"அந்தோணியாரே, இந்த மனுஷன் வாய்க்கொழுப்புல சொல்லிட்டாரு. மீனுக்கே பிரசங்கம் வச்சவரு நீருதானே? சீலா வேணும்னா நீரே கூப்பிட்டுக்கிடும். எம்புள்ளைவளுக்கு நான் அரிசி வாங்கணும்."

சிரிப்பு நின்றது. சேசையா சிலுவை போட்டுக்கொண்டு, சாக்கை விரித்து, "அயிலே... அயிலே..." என்று கூவினார். குரல் கம்மிப்போயிருந்தது.

போகிறவர்களுக்கு: வாந்தி மாத்திரையை முந்தைய இரவே போடுங்கள். எட்டு மணிக்குள் துறைக்குப் போய் மரியபுஷ்பத்திடம் அயிலை வாங்குங்கள், குழம்பு அருமை. சீலா இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். கிளம்பும் நாளில் நான் கேட்டேன். குருசடிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அவருட்ட சொல்லியிருக்கேன் சார். கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு."