மைதா இல்லீங்க

முதல் அறிகுறியை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மலம் மிதந்தது. வெளுத்து, எண்ணெய் பூத்து, எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதந்தது. அதன் நாற்றம் கழிப்பறையிலிருந்து வாசல்வரை வந்தது. என் மனைவி ஷமீமா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊதுபத்தி மட்டும் கட்டுக்கட்டாக வாங்கி வைத்தாள். இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கலாம்.

தொண்ணூறுகளில் நான் திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் கமிஷன் ஏஜென்ட். வடக்கிலிருந்து வரும் வியாபாரிகளை ஸ்டேஷனில் அழைத்து, கடை கடையாகக் கூட்டிப்போய்ச் சரக்குப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. வயது முப்பத்தாறு. ஐம்பத்தெட்டு கிலோ இருந்த உடம்பு ஒரே வருடத்தில் நாற்பத்துமூன்றுக்கு இறங்கியது. குடல் காசநோய் என்று ஒரு டாக்டர் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். சிறுநீர் சிவப்பாகப் போனதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

பிறகு கோயமுத்தூரில் குடல் டாக்டர் ஒருவரிடம் போனோம். எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, பயாப்சிக்கு (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) அனுப்பினார். முடிவு வந்த அன்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"திருப்பூர்க்காரர்தானுங்களே, டர்க்கி டவல் தெரியுமில்ல? அதுல நிக்கற இழையெல்லாம் வழிச்சுட்டா எப்படி இருக்கும்? உங்க சிறுகுடல் உள்ள இப்ப அப்படித்தான் இருக்குது. திங்கறத உறிஞ்ச அதுல ஒண்ணுமே இல்ல."

நோயின் பெயர் சீலியாக். குளூட்டன் (கோதுமையிலும் மைதாவிலும் ரவையிலும் இருக்கும் ஒட்டும் புரதம்) பட்டால் என் உடம்பு தன் குடலையே அரித்துக்கொள்ளும். மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் கோதுமையைத் தொடக் கூடாது. "சோறு இருக்குது, இட்லி இருக்குது, தோசை இருக்குது. நம்மூர்ல இது ஒரு கஷ்டமா?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டில் கஷ்டமே இல்லை. ஷமீமா சப்பாத்திக் கல்லைப் பரணில் ஏற்றிவிட்டாள். கஷ்டம் மதியச் சாப்பாட்டில் இருந்தது.

என்னிடம் வரும் வியாபாரிகளில் பாதிப்பேர் கறி தொடாதவர்கள். அதனால் கிளை கிளையாகப் பெருகிக்கொண்டிருந்த ஒரு சைவ ஓட்டலுக்குத்தான் தினமும் போவோம். ஸ்டேஷன் பக்கம் ஒன்று, பல்லடம் ரோட்டில் ஒன்று, அவிநாசி ரோட்டில் ஒன்று. அதே மேசை, அதே தட்டு, கல்லாவுக்கு மேலே அதே பலகை: எந்தக் கிளையிலும் ஒரே ருசி. ஏஜென்ட் வியாபாரியோடு உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். சாப்பிடாத ஏஜென்டை யாரும் நம்ப மாட்டார்கள். ஒருமுறை வயிறு சரியில்லை என்றேன். இந்தூர் வியாபாரி ஒருவர், "ஆப் நஹீ காயேங்கே தோ மே பீ நஹீ" (நீங்கள் சாப்பிடாவிட்டால் நானும் இல்லை) என்று தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நோய் என்று சொல்லியிருக்கலாம். சீக்காளி ஏஜென்ட் என்று பெயர் வந்தால் அடுத்த முறை வேறொருவனோடு போவார்கள் என்ற பயம். இரண்டு இட்லியில் சாம்பாரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

ஏமாளியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு கிளையிலும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "சாம்பார்ல மைதா கலக்கறீங்களா?" என்று கேட்டேன். முதல் கிளையில் அவர் முகம் சுண்டிப்போனது. "எங்க கம்பெனில அந்த மாதிரி வேலையே கெடையாதுங்க" என்றார். அடுத்த கிளையில், "சேச்சே, மைதா இல்லீங்க." மூன்றாவது கிளைக்காரர் ஒரு கிண்ணம் சாம்பாரை என் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து, "மோந்து பாருங்க, சுத்தமான பருப்புங்க" என்றார். அந்த வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

மூன்று மாதத்தில் ஒரு கிலோ ஏறி, ஒன்றரை கிலோ இறங்கியது. மறுபடியும் மிதந்தது.

"பத்தியம் ஒழுங்கா இருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு துணுக்குகூட இல்லீங்க டாக்டர்."

அவர் என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே சொன்னார். "பத்தியம் சரியா இருந்தும் குடல் தேறலைன்னா வேற ஒண்ண யோசிக்கணுமுங்க." அந்த வேறொன்றின் பெயர் லிம்போமா (நிணநீர்ப் புற்று; இந்த நோய்க்காரர்களுக்குச் சில சமயம் குடலிலேயே வரும்). ஆறு வாரம் கழித்து மறுபடியும் பயாப்சி என்றார்.

வெளியே வராந்தாவில் ஷமீமா பெஞ்சிலிருந்து எழுந்து, "என்னங்க சொன்னாரு?" என்றாள். ஒண்ணுமில்ல என்றேன்.

பஸ்ஸில் வரும்போது கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. ஓட்டல்காரர்கள் உண்மை சொல்லியிருந்தால் எனக்குப் புற்று. பொய் சொல்லியிருந்தால் நான் பிழைத்தேன். மூன்று பேரும் பொய்யர்களாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டேன். அப்படி ஒரு கேவலமான வேண்டுதலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மூன்றாவது வாரம் புது வியாபாரி ஒருவரை ஒரு பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். அவர் எடுத்த எடுப்பில் முதலாளியிடம், "வேஸ்ட் நூல் கலந்திருக்கா?" என்று கேட்டுவிட்டார். முதலாளியின் முகம் சுண்டியது. "இல்லீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த முகத்தை நான் மூன்று ஓட்டல்களில் பார்த்திருக்கிறேன். எங்கள் தொழிலில் கலப்படத்தை யாரும் அப்படிக் கேட்பதில்லை. "துணி இவ்வளவு கனமா வருதே, எப்படிங்க?" என்று மெச்சினால் அவர்களே சொல்லிவிடுவார்கள். இருபது வருடம் இதையே தொழிலாகச் செய்தவன், ஓட்டலுக்குப் போய் மானக்கேடான கேள்வியைக் கேட்டுவிட்டு மரியாதையான பதிலை வாங்கி வந்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, கூட்டம் குறைந்த நேரத்தில், ஸ்டேஷன் பக்கத்துக் கிளைக்குத் தனியாகப் போனேன். "இந்த மாதிரி கெட்டியான சாம்பார் எங்க ஊட்டுல வரவே மாட்டேங்குதுங்க. மாஸ்டரப் பாக்க முடியுங்களா?" என்றேன். சூப்பர்வைசருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. தானே சமையற்கட்டுக்கு அழைத்துப்போனார்.

உள்ளே தரை வழுக்கியது. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு விரலளவு படிந்திருந்தது. மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; வியர்வை துடைத்த துண்டாலேயே கரண்டியையும் துடைத்தார்.

"பருப்ப மட்டும் நம்புனா சாம்பார் தண்ணியால்லா போயிரும் அண்ணாச்சி? ரெண்டு கை மைதாவக் கரைச்சு ஊத்தணும். தோசை முறுகணும்னா அதுலயும் ஒரு கை. எல்லாக் கிளையிலயும் இதே பக்குவந்தான்."

காலடியில் இருந்த வாளியைக் காட்டினார். அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்ட எங்கள் கம்பெனிகளில் காய்ச்சுவார்களே, அதே பசை. மேலே ஆடை கட்டியிருந்தது. அதில் ஒரு ஈ. மாதக்கணக்காக நான் இதைத்தான் விழுங்கியிருக்கிறேன் என்று நினைத்ததும் பின்வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். எடுத்துக்கொண்டே சிரித்தேன். எனக்குப் புற்று இல்லை, சாம்பார்தான்! மாஸ்டர் ஓடிவந்து, "மேலுக்குச் சொகமில்லையா அண்ணாச்சி?" என்றார். அவருடைய பிசுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், "கேன்சர் இல்ல ஷமீமா, மைதாதான்!" என்று கத்தினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கேன்சரா? யாருங்க சொன்னது? எப்பச் சொன்னாங்க?"

சொன்னேன். அந்த ஓட்டல்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவனுக பொய் சொன்னானுகன்னு இந்தத் திட்டு திட்டறீங்க. எனக்கு என்னங்க சொன்னீங்க? ஒண்ணுமில்லைன்னுதானுங்களே?"

அவள் திரும்பிப்போய் அரிசியைக் களைய ஆரம்பித்தாள். அந்த வாளியைப் பார்த்தபோது வந்த அருவருப்பு அப்படியே என்மேல் திரும்பியது. வியாபாரிகளிடம் மறைத்தேன், பெண்டாட்டியிடம் மறைத்தேன், ஓட்டல்காரன் மட்டும் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். நோயாளி என்று ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டிருந்தால் அந்த மூன்று பேரில் ஒருவராவது உண்மை சொல்லியிருப்பார்.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பயாப்சியை நான்கு மாதம் தள்ளிவைத்தார். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு உண்டு, ஓட்டல் ரசத்தையும் தொடாதீர்கள் என்று எச்சரித்தார். வியாபாரிகள் எல்லோரிடமும் நோயைச் சொன்னேன். இருவர் வேறு ஏஜென்டைப் பார்த்துக்கொண்டார்கள். இந்தூர்க்காரர் போகவில்லை.

இரண்டாவது பயாப்சி முடிவு வந்த நாளில் டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "டவல்ல இழை முளைக்குதுங்க" என்றார்.

காலையிலிருந்து ஷமீமாவும் பட்டினி. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது அதே ஓட்டலின் கிளைதான். அவளுக்கு ரோஸ்ட் சொல்லிவிட்டு என் டப்பாவைத் திறந்தேன். சாம்பார்க் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். சூப்பர்வைசர் வந்தார்.

"வெளிச் சாப்பாடு இங்க சாப்பிடக் கூடாதுங்க."

"நான் சீக்காளிங்க. உங்க ஓட்டல்ல தண்ணியத் தவிர எதத் தின்னாலும் என் குடல் அழுகிரும்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒட்டுவாரொட்டி (தொற்றுநோய்) என்று நினைத்திருப்பார். சூப்பர்வைசர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தயிர்சோற்றை நிதானமாகத் தின்றேன்.

கோயமுத்தூரிலிருந்து திருப்பூர்வரை சாலையில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது, எங்கெங்கே மறைவான புதர் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். இரண்டு வருடமாக எனக்குத் தூரமும் நேரமும் அந்தக் கணக்கில்தான் ஓடின. சாப்பிட்டு முடித்து பஸ்ஸில் உட்கார்ந்தோம். தூக்கத்தில் யாரோ தோளை உலுக்கினார்கள்.

"எந்திரிங்க. திருப்பூர் வந்துருச்சு" என்றாள் ஷமீமா.